ஸ்விட்ச் பெட்டிமேல் கிடந்த துண்டு

பேரணாம்பட்டு பக்கம் அண்ணன் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் ஒரு வழக்கம் இருந்தது. தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்முக்குள் யார் இறங்கினாலும், தன் தோள் துண்டை ஸ்விட்ச் பெட்டிமேல் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டும் கிடையாது, மணியும் கிடையாது. ஓர் உயிருக்கு ஒரு துண்டுதான் காவல்.

அன்று நல்ல மழை. நனைந்து வந்தவர்கள் எல்லோரும் துண்டைக் கண்ட இடத்தில் காயப்போட்டிருந்தார்கள். பெட்டிமேல் கிடந்ததையும் அண்ணன் அப்படித்தான் நினைத்தான். எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். உள்ளே ஒட்டியிருந்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அவனுடைய தோஸ்த். ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே ஷிப்ட். அண்ணன் பதறி டிரம்மை நிறுத்தி அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

நான் சட்டம் படித்து முடித்து, வேலூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிது. அந்த சீனியரே அண்ணனுக்கு ஆஜரானார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு.

"கொல்லணும்னா போட்டாரு? அப்புறம் இன்னா கேஸு?" என்று அண்ணி ஓயாமல் கேட்டாள். கேட்டது நியாயம்தான். திருட்டு, கொலை போன்றவற்றுக்குச் செயலோடு கெட்ட எண்ணமும் இருக்க வேண்டும். இந்தக் குற்றத்துக்கு அது தேவையில்லை. பார்த்துச் செய்தாயா என்று மட்டும்தான் சட்டம் கேட்கும். விபத்து என்று சொல்லித் தப்பலாம். உள்ளே ஆள் இல்லை என்று தவறாக நம்பிவிட்டேன் என்றும் சொல்லலாம். ஆனால் எதைச் சொன்னாலும், உரிய கவனம் எடுத்தேன் என்று காட்டியாக வேண்டும். அந்த டேனரியில் உரிய கவனம் என்பது, ஸ்விட்சைப் போடுமுன் கொடுக்கிற ஒரு குரல்: "உள்ள யாருப்பா?"

"கூப்பிட்டேன், பதில் வரலன்னு உங்க அண்ணன் சொல்லட்டும்மா," என்றார் சீனியர். "கூப்பிடலன்னு யாரும் சாட்சி சொல்லல. சந்தேகம் வந்தாப் போதும், அதோட பலன் நமக்குத்தான்."

அவர் சொன்னது சரி. கூட வேலை செய்தவர்கள், மற்ற டிரம்கள் ஓடிய சத்தத்தில் தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்றே சாட்சி சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது, நீதிபதி அண்ணனை நேரடியாக விசாரிக்கும் நாள். அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பொய்யே சொன்னாலும் அதற்காகத் தனியாகத் தண்டிக்க முடியாது. கோர்ட் வாசல் டீக்கடையில் இதை அண்ணனிடம் சொன்னேன்.

"ஒரு வார்த்தைதான் ண்ணா. பசங்கள நினைச்சுக்க."

"ம்" என்றான். டீயைத் தொடவில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என் அண்ணன் ஜெயிலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கோர்ட்டில், இறந்தவரின் மனைவி எப்போதும்போல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வாய்தாவிலும் அண்ணனை அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. மேஜைமேல் வழக்குப் பொருளாக அந்தத் துண்டு இருந்தது.

"உள்ள ஆள் இருக்காங்களான்னு பார்க்காம ஸ்விட்ச் போட்டதா சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

அண்ணன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

"நான் கூப்பிடலைங்க ஐயா."

சீனியர் சட்டென்று எழுந்தார். பக்கத்து டிரம்கள் ஓடிய சத்தத்தில், கூப்பிட்டிருந்தாலும் உள்ளே கேட்டிருக்காது என்றார். நீதிபதி அண்ணனைப் பார்த்தார். "அப்படியா?"

"கேட்டிருக்கும் ஐயா. உள்ள இருந்து அவன் கத்தினது எனக்குக் கேட்டுச்சே."

அது வார்த்தை மாறாமல் பதிவானது. சீனியர் கேஸ் கட்டை மூடிவிட்டார். தண்டனை நிச்சயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன்மேல் வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் இறந்தவரின் மனைவி எங்களுக்கு எதிரே வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று பயந்து நான் குறுக்கே போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கத்தினாருன்னு சொன்னீங்களே ண்ணா. இன்னானு கத்தினாரு?"

"என் பேரச் சொல்லித்தான்மா கூப்ட்டான்."