எட்டு வீட்டுச் சுவரும் ஒரு நூலும்

கிட்ட வந்து உக்காருங்க, ஏணி மேல நின்னு கத்திக் கத்தி என் தொண்டை போயிடுச்சு. பெயிண்ட் அடிக்கிறது சுலபம், அதைப் பக்கத்து வீட்டுக்குப் போகாம நிறுத்துறதுதான் கஷ்டம். எங்க சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுங்க எட்டுக்கும் ஒரே நீள சுவர். கலர்பொடி தடவின நூலை மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் இழுத்துப் புடிச்சு சுண்டினாதான், யார் வீடு எங்க முடியுதுன்னு தெரியும். சுவரோட மாரடிக்கிற என் பெயிண்டர் கூட்டாளிங்களுக்கு மிச்சத்தைச் சொல்லவே வேணாம்.

ரெண்டு விரல்

முதல் வீட்டுத் தாத்தா சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பக்கத்து வீட்டு நீலம் அவர் ரோஸ் கலர்ல ரெண்டு விரல் ஏறிடுச்சுன்னு என்னை ஏணியிலேருந்து இறக்கிட்டார். “ரெண்டு விரலுக்கா தாத்தா?”ன்னேன். அவர் சுவத்துல விரலை வச்சே காட்டினார்.

“கீழ இருந்ததெல்லாம் கம்பெனியோடது. மேல இந்த ரெண்டு விரல் என்னுதுப்பா, ஒழுங்கா அடி.”

ஞாயித்துக்கிழமை வீடு

நாலாம் வீட்டு சரோஜாம்மா பொண்ணைப் பார்க்க கோலார்லேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரப்போறாங்க. அதுக்குத்தான் லைன்ல இத்தனை அவசரம். பெயிண்ட் அடிக்க ஏழு வீடு ஒத்துக்கிச்சு. அஞ்சாம் வீட்டு முருகன் மட்டும் மாட்டேன்னுட்டான். அவன் சுவர் புகை புடிச்சு, வரிசையில பல்லு விழுந்தாப்பல இருக்கும். “மொதல்ல அதுதானே அவங்க கண்ணுல படும்”னு சரோஜாம்மா சோறு கூட சாப்பிடல. நான் போய்க் கேட்டேன்.

“பெங்களூர் ட்ரெயினுக்கு இருட்டுல போறேன், இருட்டுல வரேன். என் வீடு இன்னா கலர்ல கீதுன்னு நானே பார்த்ததில்ல, வுடுண்ணா.”

அரை அடி

சரோஜாம்மா வீட்டுக்குப் பச்சை. அன்னைக்கு நூலோட கீழ் முனையை அவங்களே புடிச்சாங்க. அப்புறம், “மேலயும் கொஞ்சம் தள்ளிக்கோண்ணா”ன்னாங்க. நான் கவனிக்கலன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பச்சை, முருகன் சுவத்துல அரை அடி போய் நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை வெளிச்சத்துல முருகன் வெளிய வந்தான். “இன்னாக்கா இது, என் வீட்டைப் புடிச்சிக்கினீங்களா?”

“தப்புதாம்பா. உன் கலரை அடிச்சு மூடிக்கோ, நாங்க எதுனா சொல்லுவமா?”

மூட ஆரம்பிச்சா அரை அடியோட நிக்குமா? பளிச்சுன்னு இருந்த அந்த ஒரு பட்டைக்குப் பக்கத்துல மிச்ச சுவர் இன்னும் கறுப்பா தெரிஞ்சுது. அவன் லீவு போட்டு, மொத்தச் சுவத்துக்கும் சந்தனக் கலர் அடிக்கச் சொன்னான். இந்தத் தடவை நூலை அவனே புடிச்சான். தள்ளி நின்னு பார்த்துட்டு என்கிட்ட சொன்னான்:

“நம்ம வீடுதான்ணா லைன்லயே டாப்பு. அந்த ஆறாம் வீட்டு ஜன்னலு மட்டும் ஏன் அப்டி அழுக்கா கீது?”

அடுத்த ஞாயிறு கோலார்க்காரங்க வந்து இறங்கினாங்க. “இதுல உங்க வீடு எதுங்க?”ன்னு கேட்டப்போ, எங்க சரோஜாம்மா முதல் வீட்டுலேருந்து எட்டாம் வீடு வரைக்கும் கையை நீட்டி ஒரே இழுப்பா காட்டிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க.