கிணற்றுக்குள்ளிருந்து வந்த கற்சங்கு

பிள்ளைகளே, அந்தக் கல் உள்ளங்கைக்குள் அடங்கும். பழுத்த வெள்ளை நிறம். உச்சியிலிருந்து அடிவரை திருகித் திருகி இறங்கும் புரி. பார்த்தவர் எவரும் சங்கு என்றே சொல்வர். சண்டிலிப்பாயில் என் மாமியின் தோட்டக் கிணற்றின் அடியிலிருந்து, உடைந்த கல்லோடு கல்லாகப் பனையோலைக் கடகத்தில் ஏறி வந்தது அது. சேறு போகக் கழுவி எடுத்தவன் நான்.

மாமி என் அம்மாவின் மூத்த தம்பியின் மனைவி. மாமா காலமான பின் தோட்டத்தைத் தானே பார்த்தார். ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர். ஒரு வேலை முடியுமுன் அடுத்த வேலைக்கு நடந்துவிடுவார். கிணறு பங்குக் கிணறு. ஒருநாள் மாமியின் முறை, மறுநாள் மாமாவின் தம்பியான சின்ன மாமாவின் முறை. இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீரும் அதுதான். மாமிக்குத் துலா மிதித்து இறைத்துக் கொடுத்தவன் நான். அப்போது எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

அந்த வருடம் மாரி மழை சரியாகப் பெய்யவில்லை. கோடையில் இறைக்கும் ஓலைப்பட்டையில் பாதி சேறாகவே வந்தது. மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கிப்போய் நின்றன. வெடி வைத்துக் கிணற்றை ஆழமாக்குவோம் என்று மாமி காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கீழை போனால் உப்புத்தான், மச்சாள்” என்பார் சின்ன மாமா.

“கன்று காயுது, மச்சான். நீர் வானத்தைப் பாத்துக்கொண்டு இரும்.”

கடைசியில் ஒரேயொரு வெடி என்று சின்ன மாமா இறங்கி வந்தார். வெடிகாரர் இரும்பு அலவாங்கால் துளை போட்டு மருந்து இடித்தார். கல் பிளந்தது, தண்ணீர் கொஞ்சம் கசிந்தது. போதும் என்று நிறுத்துகிற நேரத்தில்தான் அந்தச் சங்கு வந்தது.

கடல் இரண்டு மூன்று கட்டை தூரத்துக்கு அப்பால் இருக்க, நிலத்துக்குள் சங்கு எப்படி வரும்? தெய்வம் தந்த அடையாளம் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு யோசனை வரவில்லை. மாமி அதைப் பாலால் கழுவித் திருநீறு பூசினார். சின்ன மாமா தானே கற்பூரம் கொளுத்தினார். உப்பு என்று பயந்த மனிதர், “இன்னும் ஒரு வெடி வையும்” என்று வெடிகாரரிடம் தன் வாயாலேயே சொன்னார்.

“சங்கு வந்திட்டுது. சக்கரமும் வந்தால் பெருமாளே ஏறி வருவார், தள்ளி நில்லுங்கோ” என்று சிரித்துக்கொண்டு வெடிகாரர் இறங்கினார்.

மறுநாள் விடிய ஆளுயரத்துக்குத் தண்ணீர். மாமி ஓடி ஓடி எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். அன்று காலை சின்ன மாமா கஞ்சியை வாயில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“ரெண்டுதரம் உப்புப் போட்டனியே?”

“நான் இன்னும் உப்பே போடேல்லை.”

அந்தச் சங்கு என்ன என்பதை நெடுநாளைக்குப் பின், படித்தவர்களிடம் கேட்டு அறிந்தேன். ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் என்று சொல்லும் காலத்தில், நமது யாழ்ப்பாணமே இல்லையாம். இங்கே இளஞ்சூடான, ஆழம் குறைந்த கடல் கிடந்ததாம். சிப்பியும் பவளமும் செத்துப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. சங்குப்பூச்சி செத்தபின் அதன் கூட்டுக்குள் சேறு புகுந்து இறுகியது. கூடு கரைந்துபோக, உள்ளே இருந்த வடிவம் மட்டும் கல்லாக மிஞ்சியது. அந்தக் கல் முழுவதும் பொந்தும் வெடிப்பும். பெய்யும் மழை அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் பாலாடை போல மெல்லிய படையாக நிற்கிறது. நாங்கள் அந்தப் படையைக் கிழித்துவிட்டோம். இதைக் கேட்டறிந்த நாள் தொடக்கம், தோட்டத்தில் கால் வைக்கும்போதெல்லாம் கீழே கடல் அசைவது போல எனக்கு ஒரு பதகளிப்பு. இன்றும் அது போகவில்லை.

உப்புத் தண்ணீர் பட்டு அந்தக் கோடையிலேயே கன்றுகள் கருகின. குடிதண்ணீருக்கு இரண்டு வீட்டுப் பெண்களும் அயலாரின் படலை வாசலில் குடத்தோடு நின்றார்கள். கற்பூரம் கொளுத்திய வெட்கமோ என்னவோ, சின்ன மாமாவின் கோபம் கூடிக்கொண்டே போனது. “இனி உங்களுக்கு இந்தக் கிணத்திலை முறையில்லை. தூர்த்தாலும் தூர்ப்பன், தரமாட்டன்” என்று வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டார். மாமி என்னைக்கொண்டு உப்புத் தண்ணீரை இறைத்து வற்றவைத்தார். வெடியில் கிளம்பிய கல் முழுவதையும் திரும்பக் கிணற்றுக்குள் இறக்கினார். குளத்துக் களிமண்ணைச் சுமந்து வந்து வெடிப்புகளை அடைக்கச் சொன்னார். நான் உள்ளே நின்று மிதித்தேன். மேலேயிருந்து அவர் குரல் ஓயாது: “அந்த மூலை, தம்பி! அங்கை இன்னும் கசியுது!” பிறகு மழைக்குக் காத்திருந்த நாட்களில் விடியுமுன்னே போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார், மறுபடி போவார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முழுக்கப் பெய்தது. வெயில் கண்ட ஒரு காலை, சின்ன மாமா தன் முறைக்கு என்று வந்து துலாவைப் பதித்து ஒரு பட்டை அள்ளினார். மாமி வேலிக்கு அப்பால் நின்றார், உள்ளே வரவில்லை. சின்ன மாமா ஒரு கை ஏந்தி வாயில் விட்டார். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

வேலிப்பக்கம் பாராமல் என்னிடம் சொன்னார்: “தம்பி, வாய்க்காலை மச்சாளின்ரை பக்கம் திருப்பு. இண்டைக்கு அவவின்ரை முறை.”

அது அவருடைய நாள்.