கற்பூரம் வைத்த கட்டுகள்

கலீலுர் றஹ்மான் பயந்த மனுசன். இப்படிச் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார், தானே ஒப்புக்கொள்வார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்திவரைக்கும் போய், பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து பார்க்கிறவர். குசினியில் அடுப்பு அணைந்ததா என்று கேட்டு, பள்ளிவாசலில் இருந்து வீட்டுக்கு ஆள் அனுப்பியவர். "உங்கட மனசுக்கு ஒரு பூட்டு விக்கிறாங்களெண்டா நான் என்ட காப்பை அடகு வெச்சாவது வாங்குவன்" என்பாள் மனைவி ஸல்ஹா. அவள் பாடு அவளுக்கு.

ஆனால் இந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்து ஸ்டோரில் அவர் கிளாக்கர். எண்ணி முடித்த ஆணியைத் திரும்ப எண்ணுகிற ஆளை எந்தத் துரைக்குத்தான் பிடிக்காது? ஐம்பத்தேழில் துரைமார் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக, வேலையும் அவர்களோடு கப்பலேறிவிட்டது. ஓர்ஸ் ஹில் அடிவாரத்து வாடகை வீட்டில் கையைப் பிசைந்துகொண்டிருந்தவரைத் துறைமுகப் பக்கத்துப் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர்மார் கூப்பிட்டார்கள். பள்ளிச் சொத்துகளுக்கென்று வக்பு சட்டம் வந்து பள்ளிவாசல்கள் எல்லாம் தங்கள் பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். பின்னறையில் இருந்த பெரிய அலுமாரியைத் திறந்து காட்டி, "நூறு வருசத்துக் குப்பை. பிரிச்சு ஒரு அட்டவணை போட்டுத் தாங்க கிளாக்கர்" என்றார்கள்.

குப்பையா அது? ஊர் முழுக்க அந்த அலுமாரிக்குள் அடைந்துகிடந்தது. கலியாணங்கள், மௌத்துகள், கந்தூரிச் செலவுகள், சண்டை தீர்த்துவைத்த உடன்படிக்கைகள். முக்கால்வாசி அறபுத்தமிழ். பேச்சு நம் தமிழ், எழுத்து மட்டும் அறபு. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டு வந்தார்கள். கலீலுர் றஹ்மான் உம்மாவின் மடியிலிருந்து படித்தவர், தண்ணீராக வாசிப்பார்.

வாசிப்பது பெரிய காரியமில்லை. பூச்சிதான் பெரிய காரியம். கோழி இறகால் தூசி தட்டி, தாள்களை நிழலில் ஆறவிட்டு, வேப்பிலை போட்டு வைத்துப் பார்த்தார். வேப்பிலை காய்ந்து தூளாகித் தாளில் கறை பிடித்தது. கடைசியில் கஞ்சிப்பசை போகத் தோய்த்த வெள்ளைத் துணியில் ஒவ்வொரு புத்தகத்தையும் சுற்றி, உள்ளே கற்பூரம் வைத்துக் கட்டுவதுதான் தோது என்று கண்டுகொண்டார். அதே அலுமாரியில் இத்துப்போன குர்ஆன் தாள்களும் கிடந்தன. அவற்றைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, மரியாதையாக மண்ணில் அடக்கவேண்டும். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு சாக்கில் சேர்த்துக் கீழ்த்தட்டில் வைத்தார். பூச்சிக்குப் பயந்த மனுசன் வேறொன்றுக்கும் பயந்திருக்கலாம். அது அந்த நேரம் அவர் புத்திக்கு எட்டவில்லை.

மீராசாகிபு மகள் நபீஸா வந்தது அந்த மாரி தொடங்கும்போது. கணவனை இழந்தவள், ஒரே மகள் றம்ஸியாவைத் தைத்துக் கொடுத்து வளர்த்தவள். றம்ஸியாவுக்குக் கிண்ணியாவில் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. எல்லாம் பேசி முடிந்த பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மாப்பிள்ளையின் தகப்பன் அன்ஸாரின் காதில் ஓதிவிட்டான். தாய்க்கே கலியாணம் நடக்கவில்லையாம், ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்து ஓட்டத்தில் சேர்ந்துகொண்டவர்களாம்.

"நானா, கொழும்பில குண்டு விழுந்து, அடுத்தது இங்கதானெண்டு ஊரெல்லாம் பெட்டி கட்டின கிழமை" என்றாள் நபீஸா, அவரைத் தமையன் முறை வைத்து. "குமர்ப்பிள்ளையோட காட்டுவழி போக ஏலாதெண்டு வாப்பா அண்டைக்கே நிக்காஹ் செய்துவெச்சார். வாசல்ல வண்டில் பூட்டி நிண்டது. லெப்பை துஆ ஓதிப்போட்டு அவரும் வண்டிலில ஏறினார். பதியிறதுக்கு ரெஜிஸ்தார் ஊரில இல்ல. பள்ளிப் புத்தகத்தில மட்டுந்தான் எழுதினது. சாட்சி சொல்ல இப்ப ஒருத்தரும் உயிரோட இல்ல."

கலீலுர் றஹ்மான் கடைசிக் கலியாணப் புத்தகத்தை நினைத்துப் பார்த்தார். அதை வாசித்துக் கட்டியது போன கிழமைதான். "ஓம் தங்கச்சி, இரிக்கு. கண்டனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவங்களை வரச்சொல்லுங்க, காட்டுறன்" என்றார். நபீஸா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதற்கிடையில் மூதூரில் தங்கை மகனுக்குச் சுன்னத்துக் கலியாணம். போகாமல் தீராது. மழை இறுகினால் அடக்குகிற மையவாடி நிலம் சேறாகிவிடும், இத்துப்போன குர்ஆன் தாள்களை அதற்கு முன் அடக்கிவிடவேண்டும் என்று பாங்கு சொல்கிற மோதினார் ஆதம்பாவா நச்சரித்துக்கொண்டிருந்தார். அலுமாரிச் சாவியை ஒருவரிடமும் கொடுக்காதவர், அன்றைக்கு எந்தச் செய்த்தான் தோளில் இருந்தானோ, மோதினாரிடம் கொடுத்தார். "அலுமாரியில சேர்த்து வெச்சிருக்கிறன் காக்கா, எடுத்து அடக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு லாஞ்சியில் ஏறினார். கடல் கொந்தளித்து லாஞ்சி நின்றுபோக, மூதூரிலேயே மாட்டிக்கொண்டார். அங்கே அவர் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்னவில்லை.

வெள்ளிக்கு முதல்நாள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அலுமாரியைத் திறந்தார். தட்டுகள் வெறுமையாக இருந்தன. கீழே சாக்கு மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"காக்கா! கட்டெல்லாம் எங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாத்தையும் சங்கையா அடக்கியாச்சு" என்றார் ஆதம்பாவா, முகமெல்லாம் சிரிப்பாக. "அடையாளத்துக்குத் தலைமாட்டில மீசான் கட்டையும் நட்டிருக்கிறன்."

கலீலுர் றஹ்மான் வெறுந்தட்டுகளைக் கையால் தடவிப் பார்த்தார். அலுமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தார். "அது பள்ளிப் பதிவு காக்கா! அடக்கச் சொன்னது சாக்கில உள்ளதை!"

மோதினாரின் சிரிப்புப் போய்விட்டது. விளங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் கோபம்தான் வந்தது. "வெள்ளைத் துணி சுத்தி, கற்பூரம் வெச்சு, தலையும் காலும் முடிஞ்சு வெச்சா அது மையித்துக்குச் சுத்துற கபன் இல்லாம என்ன? பிரிச்சுப் பார்த்தனான், உள்ள அறபெழுத்து. அல்லாஹ்ட கலாமைச் சாக்குக்குள்ளயும், ஊர்க் கணக்கைக் கபனுக்குள்ளயும் வெச்சது நானா, நீங்களா?"

இரண்டு பேரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். மீசான் கட்டை நின்றதால் இடம் தேடவேண்டி வரவில்லை. மேலே கிடந்த கட்டுகள் ஈரம் பிடித்ததோடு தப்பியிருந்தன. அடியில் கிடந்தது கலியாணப் புத்தகம். குழிக்குள் தண்ணீர் ஊறி, அது நனைந்த பாண் ரொட்டி மாதிரி ஒரே கட்டியாக வந்தது. விரல் பட்ட இடத்தில் தாள் கரைந்தது. "யா அல்லாஹ், அந்தப் பிள்ளைட வாழ்க்கை" என்று ஆதம்பாவா தலையில் கைவைத்தார்.

கலீலுர் றஹ்மானுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் பிடித்தது. நான் உண்மையாகவே கண்டேனா? நபீஸா என்ற பேரைக் கண்ட ஞாபகம் இருந்தது. ஆனால் ஊரில் தெருவுக்கொரு நபீஸா. குண்டு போட்ட வருசத்திலா, அதற்கு முந்தியா? தகப்பன் பெயர் என்ன எழுதியிருந்தது? யோசிக்க யோசிக்க, கண்ட தாளும் கலங்கிக்கொண்டே போனது. பூட்டின பூட்டையே நம்பாதவர், வாசித்த வரியை எப்படி நம்புவார்?

வெள்ளிக்கிழமை அன்ஸார் இரண்டு பெரியவர்களோடு வந்தார். கலீலுர் றஹ்மான் ஒளிக்கவில்லை, நனைந்த கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார். "இப்பப் பிரிச்சாக் கிழிஞ்சிடும். நிழலில காயவேணும். ஒரு மாசமாவது செல்லும்."

"கலியாணம் அடுத்த கிழமை" என்றார் அன்ஸார். கெட்ட மனுசன் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவர். "தாளை விடுங்க. உங்களைப் பற்றி விசாரிச்சனான். எண்ணினதைத் திரும்ப எண்ணுற ஆளாம். வுழுவோட நிண்டு, கண்ணால கண்டனெண்டு சத்தியம் செய்யுங்க. எனக்கு அது போதும்."

வுழுச் செய்யப் போய், கழுவின முகத்தையும் கைகால்களையும் திரும்பத் திரும்பக் கழுவினார். இல்லை என்றால் ஒரு குமருடைய வாழ்க்கை போய்விடும். ஓம் என்று சொல்லி அது பொய்யாக இருந்தால் தன் மறுமை போய்விடும். மோதினார் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்று அவர் வாயையே பார்த்தார்.

"வல்லாஹி, கண்டனான்" என்றார் கலீலுர் றஹ்மான்.

கலியாணம் நடந்தது. சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி மற்றவர்கள் கைபோட்டுச் சாப்பிட, அவர் ஒரே கவளத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு தினமும் பின்னறைதான். கட்டியைத் திருப்பி வைப்பார், துணியால் ஒற்றுவார், பிரிகிற தாளை ஈர்க்கால் மெல்லத் தூக்கிக் கயிற்றில் போடுவார். ஒவ்வொரு தாளாக வந்தது. குண்டு போட்ட வருசத்துக்குரிய கடைசி இரண்டு தாள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவை காய்ந்த பிறகும் அவர் தொடவில்லை. அவற்றை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதுபோல நடித்தார். நித்திரை கெட்டு, ஆள் பாதியாகிப் போனார். கடைசியில் தாங்கமாட்டாமல் நபீஸாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தங்கச்சி, ஒரு கதை சொல்லவேணும்" என்றார். "அண்டைக்குச் சத்தியம் செய்யக்குள்ள எனக்கு நிச்சயமில்ல. ஒரு நபீஸாவைக் கண்ட ஞாபகம் மட்டுந்தான். அது நீங்களோ, வேற ஆரோ. இந்த ரெண்டு தாளுக்குள்ள இருந்தா இரிக்கு. உங்களை வெச்சுக்கொண்டு பிரிப்பமெண்டு நினைச்சன்."

நபீஸா தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். "இல்லாட்டி?"

"இல்லாட்டி நான் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லவேணும்."

"அதைக் கேக்கேல்ல நானா. அதுக்குள்ள இல்லாட்டி எனக்குக் கலியாணம் நடக்கேல்லையா?"

அவர் ஈர்க்கை எடுத்துத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

"வண்டில் பூட்டி நிண்டது, வாப்பா நிக்காஹ் செய்துவெச்சார், லெப்பை துஆ ஓதினார். எல்லாம் உங்களிட்டச் சொன்னனான்தானே. கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க?"

"ஓம்."

"ஊர்தான் நம்பேல்லையெண்டு நினைச்சன். நீங்களும் நம்பேல்ல." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினாள். "நான் வாறன். மகள் பகல் சோத்துக்கு வாறா."

அவள் போனபின் அவர் கதிரையில் குந்தியே இருந்தார். இத்தனை நாள் தாளுக்குப் பயந்தார், மோதினாருக்கு, அன்ஸாருக்கு, மறுமைக்குப் பயந்தார். அந்தக் கலியாணத்துக்கு உயிரோடு ஒரு சாட்சி இருக்கிறாள் என்று ஒரு தரமும் நினைக்கவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஈர்க்கை எடுத்து விளிம்பில் விட்டு மெல்லத் தள்ளினார். தாள் பிரிந்தது. மை பரவியிருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. சித்திரை மாதம், மணமகன் பெயர், அதன் கீழே மீராசாகிபு மகள் நபீஸா.

தாளைத் தூக்கிக்கொண்டு செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார். அவள் வளைவுக்குக் கிட்டப் போய்விட்டாள்.

"நபீஸா! இரிக்கு! உங்கட பேர் இரிக்கு!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நபீஸாவும் நின்று திரும்பினாள்.

"எனக்குத் தெரியும் நானா" என்றாள். "வெயில்ல நிக்காம, அதைக் கொண்டுபோய் உள்ள வைங்க."