கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் சீப்பு

எழுபதுகளின் தொடக்கம். பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடம்.

சின்ன வயதில் வந்த காசநோய் எப்போதோ குணமாகியிருந்தது. ஆனால் அந்த வருடம் மறுபடி இருமல் பிடித்தது. இருமலைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அசதியைத்தான் தாங்க முடியவில்லை. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும், நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் மாதிரி இருக்கும். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவேன். "புதுப் பொண்ணுக்கு வேலைன்னா கசக்குது" என்று லயத்தில் பேசினார்கள். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பழைய நோய் நுரையீரலில் விட்டுப்போன குழியில் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது என்றார். கூட வந்த என் கணவரிடம், "அவங்க சோம்பேறி இல்ல. இந்த நோயே ஆளை இப்படித்தான் சாய்ச்சிடும்" என்றார். நோய் என்று கேட்டும் எனக்கு அழுகையோடு ஒரு நிம்மதி வந்தது.

அதை எடுக்கக் கொழும்பில் செய்யவேண்டிய ஆபரேஷனுக்காக லயத்தில் காத்திருந்த மாதங்களில், தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை. ஒருநாள் கத்தரிக்கோல் கேட்டேன்.

"எதுக்கு?"

"முடிய வெட்டிடுறேங்க. சிக்கு எடுக்க முடியல."

"வெட்டாத. நான் பின்னுறேன்."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கை அது. தன் அக்காவிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, தினமும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வாசலிலேயே என்னை உட்கார வைத்துப் பின்னிவிட்டார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் சிரித்தார்.

"என்னப்பா, கவ்வாத்துக்காரன் சடை பின்னுறியா?"

"ஆமாண்ணே. இங்க வெட்டக் கூடாது, அதான் கஷ்டமா இருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு லயத்துப் பேச்சும் மெல்ல அடங்கியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெம்பு மட்டும் ஆமை மாதிரி வந்தது. ஒரு காலையில் யோசிக்காமலே கையைத் தூக்கித் தலையை வாரத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் எண்ணெய்ப் போத்தலோடு நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம், கொஞ்சம் ஏமாற்றமும்.

சீப்பை நீட்டி, "கை வலிக்குதுங்க" என்றேன்.

அது பொய் என்று அவருக்கும் தெரியும். சீப்பை வாங்கிக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார். உடம்பு முடியாமல் கிடந்த அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலி முதலில் வருவதில்லை. என் தலையில் மெதுவாக வகிடு எடுக்கும் அந்த முரட்டு விரல்தான் வருகிறது.