கம்பிக்குக் கீழே ஒரு வடைக்கடை

மாலை ஆறே முக்கால். மலேசியாவின் திகாம் பத்து என்ற ஊரின் கடைத்தெரு மின்கம்பிகளில், குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. கீழே வடைக்கடைக்காரர் ஒரு கையால் வடையைத் திருப்பிக்கொண்டே, மறு கையால் எண்ணெய்ச் சட்டிக்கு மேல் குடை பிடித்திருந்தார். மெலிந்த ஆள், நரைத்த மீசை. எச்சம் விழும்போதெல்லாம் அண்ணாந்து, “மானங்கெட்டதுங்களா!” என்று திட்டினார்.

“ஆளுங்க வர்றதே இல்ல தம்பி. இப்படியே போனா கடைய மூடணும். மஜ்லிஸ்ல சொல்லிட்டேன், நாளைக்கு விரட்ட வர்றாங்க” என்றார், வடை தின்றுகொண்டிருந்த என்னிடம்.

மறுநாள் நான்கு மணிக்கு மஜ்லிஸ் என்னும் நகராண்மைக் கழகத்தின் ஊழியர்கள் வந்தபோது கம்பிகளில் ஒரு குருவியும் இல்லை. அதற்குள் அவர் கடை முன்னால் கிடந்த எச்சத்தையெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார். இங்கே குருவியே வருவதில்லை என்று மலாயில் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

“நீங்கதானே அண்ணே கூப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஆமா லா. அது நேத்து கோவம்.”

“அப்ப கடை?”

வெறும் கம்பியை அண்ணாந்து பார்த்தார். “என்னமோ, சொல்ல வரல தம்பி. வடை சாப்பிடுங்க.”

எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றும் இருட்டுவதற்கு முன் குருவிகள் வந்தன. அவர் குடையை விரித்தார். நாற்காலிகளில் என்னைத் தவிர யாரும் இல்லை.