ஐவர் கூடி எடுத்த முடிவு

எண்பதுகளில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, திண்டிவனத்தில் ஐந்து ஆசிரியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினேன். விடுதியில் ஒரே இடம். கற்பனையாக இரண்டு மாணவர்கள். ஒருவன் ஊர்த்தெரு, இன்னொருவன் ஊருக்கு வெளியே தலித்துகள் வாழும் காலனி. காலனிப் பையனுக்கே மதிப்பெண் அதிகம். தனியாகக் கேட்டபோது நான்கு பேர் அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்றாக உட்கார வைத்ததும் மூத்த ஆசிரியர், "அவன் நம்ம பசங்களோட ஒத்துப்போவானா?" என்றார். ஐவரும் ஊர்த்தெருப் பையனுக்குக் கை தூக்கினார்கள். சோதனை நடத்துபவள் குறுக்கிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிந்ததும், முதலில் காலனிப் பையனைத் தேர்ந்தெடுத்திருந்த கணக்கு டீச்சரிடம், "ஏங்க மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒண்ணா சொல்லிக்கினு இருக்காங்க, நமக்கு எதுக்கும்மா பேஜாரு?" என்று சிரித்தார்.

"நானும் காலனிதாங்க!" என்று கத்திவிட்டேன். அவர் தலைகுனிந்தார்.

விழுப்புரத்தில் என் பேராசிரியர், "பிரமாதமான ரிசல்ட்!" என்று பூரித்தார். அவர் மீதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.