ஓரத்தில் பென்சில்

பைபிளை எங்கள் பெரியப்பா அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் இந்தப் பூமியில் கிடையாது. மோசேயே நேரில் வந்தாலும், "மூணாவது அதிகாரத்துல நான் என்ன எழுதினேன்?" என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போவார். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை ஐந்திலிருந்து ஆறு வரை, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பு. வருடத்துக்கு ஒரு தடவை புத்தகம் முழுக்க முடிந்துவிடும். நோவாவின் பேழை எத்தனை முழ நீளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெரியம்மாவின் பிறந்தநாளைத்தான் சொல்லத் தெரியாது.

தொழில், தெருமுனைக் கடையில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்புகிற பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். தெருவில் வயதானவர் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், மேல்வரிசையைப் பார்ப்பார். "நம்ம வேலைதான்" என்பார்.

படிக்கும்போது, அச்சில் கோடு போடுகிற அதே பென்சில் கையில் இருக்கும். மனதைத் தைக்கிற வசனத்துக்கு ஓரத்தில் குறிப்பு எழுதுவார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் மனதைத் தைத்ததெல்லாம் அடுத்தவருக்குப் பொருந்துகிற வசனங்கள். சோம்பேறியைப் பற்றி வந்தால் 'தம்பி'. சண்டைக்கார மனைவியைப் பற்றி வந்தால் 'இவள்'. பேராசைக்கு, வாடகை வாங்குகிற 'வீட்டுக்காரர்'. பெருமைக்கும், குத்திப் பேசுவதற்கும், பெற்றவர்களைக் கவனிக்காததற்கும் ஒரே ஆள்: 'தங்கச்சி'.

அந்தத் தங்கச்சி, ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் டெலிபோன் ஆபரேட்டர். அந்தச் சோம்பேறித் தம்பியின் பிள்ளைக்கு, அதாவது மாடியில் குடியிருந்து இதை எழுதுகிற 'வாலு'க்கு, அவள் அத்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் தாத்தா பெரியப்பா வீட்டில் படுக்கையில் கிடந்து இறந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுத அத்தையைப் பார்த்து, பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனவளுக்கு அழுகை என்ன வேண்டிக் கிடக்கு?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் வாசற்படி மிதிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி வேதபாடம் படிப்பார்கள். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தபால்காரர். போன மாதம் ஒரு வியாழன், அவர் பின்னால் தயங்கித் தயங்கி ஒருத்தி வந்து நின்றாள்.

"உள்ள வரலாமாண்ணே?"

பெரியப்பா சட்டென்று எழுந்தார். ஓடிப் போய்த் தன் நாற்காலியையே தூக்கி வந்து போட்டார். பெரியம்மா டீக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் குடித்தார்கள்.

"யாக்கோபு மூணாம் அதிகாரம்" என்றார் தபால்காரர். "இன்னைக்குப் புதுசா வந்தவங்க வாசிக்கட்டும்."

"கண்ணாடிய வேலையிலேயே வச்சுட்டு வந்துட்டேனே."

"அதனால என்னம்மா, அண்ணனோடது பெரிய எழுத்து!" நாற்பது வருடம் கடிதம் சேர்ப்பித்த பழக்கத்தில், பெரியப்பாவின் மடியிலிருந்த பைபிளை எடுத்து அத்தை கையில் சேர்ப்பித்துவிட்டார்.

பெரியப்பாவின் கை பின்னாலேயே நீண்டது. பாதியில் நின்றுவிட்டது.

நாக்கு சின்ன உறுப்புதான், ஆனால் சின்னப் பொறி பெரிய காட்டையே எரித்துவிடும் என்று வருகிற இடம். அத்தை வாசித்தாள். நடுவில் நின்றாள். ஓரத்தில், 'தங்கச்சி. அச்சு அசல் இவள்தான்.' பெரியப்பா பென்சிலிலும் பெரிய எழுத்துக்காரர், கண்ணாடி தேவைப்படவில்லை. மீதியை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்து போனாள்.

எல்லாரும் கலைந்ததும் பெரியப்பா ரப்பரும் கையுமாக உட்கார்ந்தார். பைபிள் தாள் வெங்காயத் தோல் மாதிரி. இரண்டாவது 'தங்கச்சி'யிலேயே வசனத்தோடு சேர்ந்து கிழிந்துவிட்டது.

"அவதான் படிச்சுட்டாளே, இனி யாருக்காக அழிக்கிறீங்க?" என்றாள் பெரியம்மா. பிறகு சொன்னாள்: "மாமாவுக்கு முடியாம இருந்தப்ப, தினமும் ஷிப்ட் முடிஞ்சு பின்வாசல் வழியா வந்து அவரக் குளிப்பாட்டித் துணி மாத்திவிட்டது அவதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க அப்ப பைபிள்ல எரேமியாவுல இருந்தீங்க."

"சாவு வீட்டுலயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவதான் வேணாம்னா. பெத்தவருக்குச் செஞ்சதச் சொல்லிக் காட்டக் கூடாதாம்."

பெரியப்பாவுக்கு வாளிச் சத்தம் ஞாபகம் வந்தது. தினமும் ஐந்தே கால் வாக்கில் கேட்கும். படிக்க விடாமல் என்ன சத்தம் என்று எழுந்து போய், கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியிருக்கிறார்.

மறுநாளிலிருந்து முன்னறைக் கதவு திறந்தே கிடந்தது. பக்கம் ஓடவில்லை. யாக்கோபு மூன்றிலேயே ஒன்பது நாள் இருந்தார், பென்சில் இல்லாமல். ஈறு குத்துகிறது என்று திரும்பி வருகிற செட்டுக்கெல்லாம் "பழகிடும்னு சொல்லுங்க டாக்டர்" என்பவர், அப்படிச் சொல்லி அனுப்பிய மூன்று செட்டைத் தானே கேட்டு வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். தெருவில் யார் சிரித்தாலும் தலை நிமிரவில்லை.

பத்தாம் நாள் காலை, பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகக் கால் வராமல், இந்த வாலையும் இழுத்துக்கொண்டு போனார்.

அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மன்னிச்சிடுன்னு கேக்க வந்தேன்மா. எதுக்குன்னு தெரியாம நீ மன்னிக்கக் கூடாது. உன்னப் பத்தி எழுதினத எல்லாம் வாசிக்கிறேன், கேளு."

வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவதில் அத்தை கை காட்டி நிறுத்தினாள்.

"போதும்ணே."

"இன்னும் இருக்கு. வாளிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. எழுந்து வந்து பாக்கல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்ததைத் தேடிப் பக்கம் புரட்டியவர், யோனாவில் நின்றார். புயலில் கப்பலே கவிழப் போகிறது, ஆசாமி அடித்தட்டில் அயர்ந்து தூங்குகிறான். ஓரத்தில் பென்சில் எழுத்து. பெரியப்பா அதை இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். அத்தை புத்தகத்தை வாங்கி எட்டப் பிடித்து வாசித்தாள்:

"'பெரியப்பா, மத்தியானம், கடையில். குறட்டையோடு.'"

அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்பா குறட்டை அப்படியே உனக்குத்தாண்ணே" என்று கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ள வா."

பெரியப்பா உள்ளே போகாமல் திரும்பினார்.

"இது என் கையெழுத்து இல்லையே. உலகத்துல என்னப் பெரியப்பான்னு கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருக்கு."

வாலு விட்டத்தைப் பார்த்தது. "ரப்பர் வேணுமா பெரியப்பா?"

"தொடாத. இந்தப் புத்தகத்துல சரியான ஆளுக்கு எழுதினது இது ஒண்ணுதான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப அத்தையப் பத்தி நான் எழுதினத எல்லாம் நீ முன்னாடியே பாத்திருக்க."

வாலு தலையாட்டியது.

"பாத்துட்டு என்ன பண்ணின?"

"சிரிச்சேன், பெரியப்பா."